நனைந்த விரலும் வெடித்த குதிகாலும்: ஊவாத் தோட்டங்களில் நீரும் தோலின் வலிமையும்

1. கேள்வி

ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் தோலைப் பற்றிய முறையீடு பருவத்தோடு உருமாறுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் குதிகால் வெடிக்கிறது. கொழுந்து கிள்ளும் பெருவிரலும் சுட்டுவிரலும் பிளந்து இரத்தம் கசிகிறது. ஐப்பசி பிறந்து தை முடியும்வரை கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண். கைவிரல்கள் வெளுத்து ஊறிக் கிடக்கின்றன. அட்டை கடித்த இடம் ஆறத் தாமதிக்கிறது. முன்னதை வறட்சி என்றும் பின்னதைத் தொற்று என்றும் பிரித்து, ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றதற்குக் களிம்பும் பூசுவது வழக்கம். இரண்டுக்கும் மேலாக, மலையில் வேலை செய்தால் இப்படித்தான் என்ற ஒப்புக்கொடுத்தல் நிற்கிறது.

இவை உண்மையில் இரண்டு நோய்களா? அல்லது ஒரே பொருள் தன் நீரை இழக்கும்போது ஒரு வகையிலும், அளவுக்கு மீறிப் பெறும்போது வேறொரு வகையிலும் முறிகிறதா? தோலின் விசையியல் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் சேர்ந்த அறிவு இரண்டாவது விடையின் பக்கமே சாய்கிறது என்பது என் வாதம். அந்த விடையை ஏற்றால் காயத்துக்கான பொறுப்பைத் தொழிலாளியின் கவனக்குறைவில் தேட முடியாது. வேலைநாள் எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் தேட வேண்டும்.

2. இரு காற்றுகளுக்கு இடையில் ஒரு மலைப்பகுதி

இலங்கையின் நடுமலைத் தொகுதிக்குக் கிழக்கே அமைந்தபடியால் ஊவாவின் காலநிலை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி வெப்பமும் வறட்சியும் ஏறிய காற்றாக இறங்குகிறது. கிழக்கில் கச்சான் என்று பெயர்பெற்றது இக்காற்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை அது வீசும் வாரங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற வாசம் ஏறுகிறது. நீர்த் தட்டுப்பாட்டில் திணறும் செடி தன் இலையில் மணப்பொருள்களைச் சேர்ப்பதே காரணம். ஏலத்தில் அந்தப் பருவத்துக்கென்று தனி மதிப்பும் உண்டு. இலையிலிருந்து நீரை உறிஞ்சும் அதே காற்று, அந்த இலையைக் கிள்ளும் விரலிலிருந்தும் உறிஞ்சுகிறது.

ஒக்டோபரில் நிலைமை புரள்கிறது. பருவ இடைமழையும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவமழையும் பசறை, லுணுகல, மடுல்சீமை, நமுனுகுல மலைகளை நனைக்கின்றன. சுமார் 680 மீட்டர் உயரத்திலுள்ள பதுளை நகருக்கும் 1,400 மீட்டரைத் தாண்டிய அப்புத்தளைக்கும் இடையே குளிரில் பெரிய வேறுபாடு உண்டு. ஈரத்தில் அவ்வளவு இல்லை. பிரட்டு எனும் காலை ஆளெடுப்பு முடிந்து மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டாலும், மார்பளவு உயர்ந்த செடிகளுக்கு இடையே நடக்கும்போது முழங்காலுக்குக் கீழும் முழங்கைக்குக் கீழும் நனையாமல் தப்புவதில்லை.

ஒரே உடல் ஓராண்டுக்குள் இவ்விரு எல்லைகளையும் கடக்கிறது. தோல் ஆய்வுக்கு இதைவிடக் கூர்மையான களம் இலங்கையில் வேறு இருக்குமா என்பது ஐயம்.

3. வெளிப்படலமும் நீரும்

தோலின் ஆக வெளியே இருப்பது, இறந்து தட்டையான கலங்கள் அடுக்கப்பட்ட படலம். இங்கே அதைக் கொம்புப்படலம் என்று குறிப்பிடுகிறேன். முன்கையில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பல நூறு மைக்ரோமீட்டர். கலங்களுக்குள் கெரட்டின் இழைகள். கலங்களுக்கு இடையே கொழுப்பு அடுக்குகள். இழைகளோடு சேர்ந்து நீரைப் பிடித்துவைக்கும் சிறு மூலக்கூறுகளும் உண்டு: அமினோ அமிலங்கள், யூரியா, லக்டிக் அமில உப்புகள். இம்மூலக்கூறுகள் நீரில் எளிதில் கரைபவை. பின்னால் வரும் வாதம் முழுவதும் இந்த ஒரு பண்பின்மீது நிற்பதால் வாசகர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1952-இல் பாஸ்டனில் இர்வின் பிளாங்க் செய்த சோதனை இத்துறையின் திருப்புமுனை. காய்ப்பேறிய தோல் துண்டுகளை உலர்த்தி எண்ணெய்களில் ஊறவைத்துப் பார்த்தார், அவை இளகவில்லை. நீர் சேர்ந்தபோது இளகின. உலர் எடையில் நீரின் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் படலம் நொறுங்கும் தன்மை அடைகிறது என்றும் கண்டார். தோலை மிருதுவாக்குவது எண்ணெய்ப்பசை என்ற நம்பிக்கை அத்தோடு அறிவியலில் முடிவுக்கு வந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் கடைகளிலும் அது இன்னும் முடியவில்லை.

இந்த இளக்கத்தின் அளவைப் பின்னர் வந்தவர்கள் கணக்கிட்டார்கள். பார்க், படீல் இருவரும் 1972-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, காற்றின் ஈரப்பதன் 30 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டுக்கு ஏறும்போது படலத்தின் விறைப்பு ஜிகாபாஸ்கல் வரிசையிலிருந்து சில மெகாபாஸ்கலுக்கு விழுகிறது. இது நூற்றுக்கணக்கான மடங்கு வீழ்ச்சி. கட்டடப் பொருள்களில் ஈரத்தால் இவ்வளவு மாறுவது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வகை அளவீடுகளில் பெரும்பாலானவை மெல்லிய தோல்மீது அல்லது விலங்குத் தோல்மீது எடுக்கப்பட்டவை. ஆண்டுக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் காய்த்த விரலுக்கு அவற்றின் எண்களை அப்படியே பொருத்துவது பிழை. திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: உலர்ந்தால் விறைக்கும், நனைந்தால் தளரும்.

4. வெடிப்பு: ஆடிக் காற்றின் கணக்கு

உலரும் படலம் சுருங்க முயல்கிறது. கீழுள்ள உயிருள்ள தோலோடு ஒட்டியிருப்பதால் சுருங்க முடிவதில்லை. எனவே படலத்துக்குள் இழுவிசை பிறக்கிறது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லெவி, டௌஸ்கார்ட் குழுவினர் தனியே பிரித்தெடுத்த படலத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, உலரும்போது தகடு எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு இந்த இழுவிசையை அளந்தார்கள். அது மெகாபாஸ்கல் வரிசையில் இருந்தது. வெளியிலிருந்து யாரும் இழுக்காமலே தோல் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் விசை இது.

ஆனால் எல்லார் தோலும் உலர்கிறது, எல்லாருக்கும் பிளப்பதில்லை. வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முறிவு விசையியலின் ஒரு முடிவு உதவுகிறது. ஒட்டியிருக்கும் படலத்தில் விரிசல் முன்னேறக் கிடைக்கும் ஆற்றல், இழுவிசையின் இருமடிக்கும் படலத்தின் தடிப்புக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதே இழுவிசையில், தடிப்பு பத்து மடங்கானால் விரிசலை முன்தள்ளும் ஆற்றலும் பத்து மடங்காகிறது. காய்ப்பு உராய்விலிருந்து காக்கிறது என்பது உண்மையே. அந்தக் காய்ப்பே வறண்ட காற்றில் ஆழமாகப் பிளக்கும் ஆயத்தத்தோடும் இருக்கிறது. பழகிய கைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போதெல்லாம் இந்த விகிதம் என் நினைவுக்கு வருகிறது. கை எவ்வளவு பழகியதோ அவ்வளவு ஆழமாக அது வெடிக்கக்கூடும்.

பிளவு எங்கே தொடங்கும் என்பதையும் விசையே தீர்மானிக்கிறது. சரிவில் ஒவ்வோர் அடியிலும் உடலெடை குதிகாலின் கொழுப்புத் திண்டை நசுக்கி ஓரங்களை வெளியே தள்ளுகிறது. உலர்ந்த விளிம்பு அங்கேதான் பிளக்கிறது. விரலில், கிள்ளும்போது மடங்கும் ரேகை மடிப்பில் பிளக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை என்பதால் அங்கே நீர் ஆவியாவதைத் தடுக்கும் இயற்கைப் பூச்சும் குறைவு. தேயிலைச் சாறு விரலில் கறுத்துப் படிவதால், பிளவின் ஆழம் கண்ணில் படாமல் போவதும் உண்டு.

எண்ணெய் பயனற்றதா என்றால், இல்லை. பிளாங்கின் முடிவு சொல்வது வரிசை முக்கியம் என்பதே. எண்ணெய் நீரைக் கொடுக்காது. இருக்கும் நீரை வெளியேறவிடாமல் தாமதப்படுத்தும். இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரம் முற்றாகப் போகுமுன் எண்ணெய் பூசுவது பொருளுள்ள செயல். காய்ந்த வெடிப்பின்மேல் பூசுவது பளபளப்பைத்தான் தரும்.

5. ஊறல்: நனைவதிலிருந்து வறட்சிக்கு

ஈரம் தோலுக்கு நல்லது என்றால், மாரியில் கைகள் செழிக்க வேண்டும். அவ்வாறு நடப்பதில்லை. வார்னர் குழு 2003-இல் வெளியிட்ட நுண்ணோக்கிப் படங்கள் இதற்கு விளக்கம் தருகின்றன: நான்கு மணி நேரம் நீர்பட்ட கொம்புப்படலத்தின் கலங்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிக்கின்றன, இடையிலுள்ள கொழுப்பு அடுக்குகள் குலைந்து அங்கங்கே நீர்த்தேக்கங்கள் உருவாகின்றன. அரண் இருந்த இடத்தில் கசிவுவழிகள். காலை ஏழரைக்கு மலையேறி மதிய நிறுவைக்கு வரும் பெண்ணின் கை நனைந்திருக்கும் நேரமும் இந்தச் சோதனையின் நேரமும் ஏறத்தாழ ஒன்றே.

தளர்ந்த படலம் இரண்டு வகையில் காயப்படுகிறது. முதலாவது உராய்வு. ஈரத்தோல் வழுக்கும் என்று நாம் எண்ணுகிறோம். மிதமான ஈரத்தில் நடப்பது நேரெதிர். இளகிய தோல் எதிர்ப் பரப்போடு மிகுதியாக ஒட்டி உறவாடுவதால் உராய்வு கூடுகிறது. நெய்லர் 1955-இல் செய்த ஆய்வுகளிலேயே இது தெரிந்தது. உராய்வு மிஞ்சினால் மேல்தோலின் நடு அடுக்கில், உயிருள்ள கலங்களுக்கு இடையே கிழிசல் ஏற்படுகிறது. கீழிருந்து வரும் நீர் அந்த இடைவெளியை நிரப்பிக் கொப்புளமாக்குகிறது. கிழிப்பது வெளிவிசை, நிரப்புவது உள்ளழுத்தம். ஈரமான சப்பாத்துக்குள் சரிவில் இறங்கும் காலில் இவ்விரண்டும் ஒன்றுசேர்கின்றன.

இரண்டாவது, உட்புகல். வியட்நாம் போரில் நாட்கணக்காக நனைந்த கால்களோடு நடந்த படையினரின் பாதச் சிதைவை டாப்ளின் குழு 1967-இல் ஆராய்ந்தது. கிருமி வருமுன்பே நீரும் வெப்பமும் சேர்ந்து சிதைவைத் தொடங்கிவிடுகின்றன என்பது அந்த ஆய்வு மரபிலிருந்து கிடைத்த பாடம். சேற்றுப்புண்ணில் பூஞ்சை இருப்பது மெய். அது திறந்த கதவு வழியாக வந்தது. 2008-இல் இலங்கையில் பெருமளவில் பரவிய எலிக்காய்ச்சலின் கிருமியும் ஊறிய, கீறிய தோல் வழியாக நுழையக்கூடியது. அட்டைக்குப் பயந்து காலில் தடவும் சவர்க்காரம் இந்தக் கதவை இன்னும் அகலத் திறக்கிறது: தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து, படலத்தை மேலும் வீங்கச் செய்து, கொழுப்பைக் கழுவிச் செல்கிறது. அட்டையிடமிருந்து காத்துக்கொள்ள வேறு வழி கொடுக்கப்படாதவரை இதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நனைந்த விரலின் சுருக்கத்தைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். நெடுங்காலமாக அது வெறும் வீக்கத்தின் விளைவு என்று கருதப்பட்டது. கைநரம்பு அறுபட்டவர்களின் விரல்கள் சுருங்குவதில்லை என்று 1930-களிலேயே லூயிஸும் பிக்கரிங்கும் குறித்தார்கள். சிங்கப்பூரில் வைல்டர்-ஸ்மித் 2003-இல் இரத்தக் குழாய்கள் சுருங்குவதே காரணம் என்று காட்டினார். விரல்நுனிக்குள் இரத்தத்தின் கொள்ளளவு குறைய, உள்ளழுத்தம் தணிந்து, மேலுள்ள படலம் மடிகிறது. அதன் பயன் என்ன என்பதில் இணக்கமில்லை. 2013-இல் நியூகாசில் ஆய்வாளர்கள் சுருங்கிய விரல் ஈரப் பொருள்களை வேகமாகக் கையாள்கிறது என்றார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மானியக் குழுவொன்று அதை மீளக் காட்ட முடியவில்லை என்றது. 2021-இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, சுருங்கிய விரல் ஈரப் பொருளைப் பிடிக்கச் சற்றுக் குறைந்த விசை போதும் என்று கண்டது. என் பார்வையில் இவ்விவாதம் சில நிமிடங்கள் நனைந்த விரலுக்கே உரியது. எட்டு மணி நேரம் நனைந்த விரலுக்குச் சுருக்கத்தால் நன்மை என்று இவற்றிலிருந்து யாரும் வாதிட முடியாது.

இப்போது முன்பு சொன்ன கரையும் மூலக்கூறுகளுக்கு வருவோம். ஒவ்வொரு நனைதலிலும் அவற்றில் ஒரு பகுதி படலத்தைவிட்டு வெளியேறுகிறது. மீண்டும் உலரும்போது படலத்தால் முன்பு பிடித்துவைத்த அளவு நீரைப் பிடிக்க முடிவதில்லை. அது முன்னைவிட வறண்டு, முன்னைவிட விறைக்கிறது. ஆகவே நனைதலே வறட்சியை வளர்க்கிறது. மாரியில் பகலெல்லாம் நனைந்து மாலையில் லயத்து அடுப்படியில் காயும் கை, ஆடியில் காலைப் பனியில் நனைந்து முற்பகல் காற்றில் காயும் கை, இரண்டும் ஒரே சுழற்சிக்குள் இருக்கின்றன. சுழற்சியின் எந்த முனையில் கூடுதல் நேரம் செல்கிறதோ அந்த முனையின் காயம் கண்ணுக்குத் தெரிகிறது. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இங்கே இருக்கிறது.

6. உள்ளே உள்ள நீர்

இதுவரை பேசியது வெளியிலிருந்து வரும் நீர். தோலின் கீழடுக்கில் கொலாஜன் வலைக்குள் நிறைந்திருக்கும் நீருக்குத் தனி வரலாறு உண்டு. அந்த வரலாறு ஊவா மலைகளுக்கு அந்நியமானதல்ல. மண்ணின் வலிமையை அதன் துளைகளிலுள்ள நீரழுத்தம் குறைக்கிறது என்று 1920-களில் டெர்ஸாகி நிறுவினார். 1941-இல் பியோ அதை முப்பரிமாணக் கோட்பாடாக விரித்தார். திண்மச் சட்டகமும் அதன் இடைவெளிகளில் ஓடும் நீரும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அதன் சாரம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவை விளங்கிக்கொள்ள வேண்டிய கோட்பாடு அதுவே. 1987-இல் ஊமென்ஸ் தலைமையிலான ஒல்லாந்து ஆய்வாளர்கள் தோலையும் இவ்வாறே திண்மமும் திரவமும் கலந்த பொருளாகக் கணித்தார்கள்.

அந்தக் கணிப்பின்படி, தோலைச் சட்டென அழுத்தினால் உள்ளிருக்கும் நீர் தப்ப நேரமின்றிச் சுமையைத் தாங்குகிறது. நெடுநேரம் அழுத்தினால் நீர் விலகிப்போக, வலையும் கலங்களும் சுமையை ஏற்கின்றன. வீங்கிய கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்பது, விலகிய நீர் திரும்பிவர எடுக்கும் நேரம்.

அந்த வீக்கம் எங்கிருந்து வருகிறது? இயல்பான தோலடி நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு என்று கைட்டன் 1963-இல் காட்டினார். தோல் உடலோடு படிந்திருக்க இதுவும் காரணம். அசையாமல் நிற்கையில் பாதத்து நாளங்களில் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை ஏறும். நடக்கும்போது கெண்டைத் தசையின் அமுக்கத்தால் அது 30-க்கு அருகே இறங்கும். கொழுந்து பறிப்பவர் ஒரு செடிமுன் நின்று, இரண்டடி நகர்ந்து, மீண்டும் நிற்கிறார். அந்தத் தசைக்கு முழு வேலை கிடைப்பதில்லை. அழுத்தத்தால் வெளியே கசிந்த நீரை இரத்த நுண்குழாய்களே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்று ஸ்டார்லிங்கின் 1896 விளக்கத்தைச் சார்ந்து பாடநூல்கள் எழுதின. 2010-இல் லெவிக், மைக்கேல் இருவரும் அதைத் திருத்தி, பெரும்பகுதியை நிணநீர்க் குழாய்களே வடிக்கின்றன என்றார்கள். நிணநீர் ஓடத் தசையசைவு வேண்டும். கர்ப்ப காலத்திலும் புரதக் குறைவிலும் கசிவு இன்னும் கூடும். வீங்கிய காலில் தோல் இழுபட்டு, கலங்களுக்கு ஒட்சிசன் செல்லும் தூரம் நீள்கிறது. அட்டைக்கடி முழங்காலுக்குக் கீழே ஆறத் தாமதிப்பதற்கு, ஊறலோடு இதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும்.

தலையில் மாட்டிய கூடைக் கயிறு இன்னோர் அழுத்தம். பத்துக் கிலோ கொழுந்தின் பாதி எடை கயிற்றில் விழுவதாகவும், கயிறும் அதன் கீழுள்ள துணியும் 30 சதுர சென்ரிமீட்டர் பரப்பில் பதிவதாகவும் கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ 16 கிலோபாஸ்கல்; பாதரச அளவில் 120 மில்லிமீட்டர். நுண்குழாயின் தமனி முனையில் லாண்டிஸ் 1930-இல் அளந்த அழுத்தம் 32 மில்லிமீட்டர் அளவு. இது தோராயக் கணக்கே. கயிற்றில் விழும் எடையைப் பாதியாகக் குறைத்தாலும் அக்கணக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்தும் எல்லைக்கு மேலேயே நிற்கும். மழையில் அந்தத் துணியும் தோலும் நனைந்திருக்கும்.

7. அளவிட வேண்டியது எது

கையுறையும் சப்பாத்தும் கொடுத்தால் போதும் என்ற மறுமொழி எளிதில் எழும். நீர்புகாக் கையுறைக்குள் வியர்வை தேங்கினால் தோல் அங்கேயும் ஊறும். ஜெர்மனியின் டி.ஆர்.ஜி.எஸ். 401 என்ற தொழில் விதி, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருக்கும் வேலையை ஈரவேலை என்று வகைப்படுத்தியபோது, அத்தகைய கையுறை அணிந்திருக்கும் நேரத்தையும் அதில் சேர்த்தது. மேலும், இரண்டு இலையையும் ஓர் அரும்பையும் தேர்ந்து கிள்ளும் விரலுக்குத் தொடுவுணர்வு வேண்டும். தடித்த உறை பறிக்கும் கிலோவைக் குறைக்கும், கிலோ குறைந்தால் அன்றைய சம்பளம் குறையும். பாதுகாப்பைத் தொழிலாளியின் வருமானத்திலிருந்து கழிக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்காது.

விசையியல் சுட்டும் மாறி நேரம்: தோல் எவ்வளவு நேரம் தொடர்ந்து நனைந்திருந்தது, இடையில் எத்தனை முறை மெதுவாக உலர வாய்ப்புக் கிடைத்தது. மண்சரிவுக்கு இத்தகைய வரம்பு நம்மிடம் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விழிப்பு அறிவிப்பு விடுக்கிறது. கொழுந்தின் ஈரத்துக்கும் கணக்கு உண்டு. மழை நாளில் நிறுவையின்போது தண்ணீருக்கென்று எடை கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் பழையது. இலையில் ஒட்டிய நீரைக் கணக்கிடத் தெரிந்த ஒரு தொழில், தொழிலாளியின் தோலில் ஏறிய நீரையும் கணக்கிட முடியும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கோருபவையல்ல. மலையிலேயே கூரையுள்ள நிறுவைத் தளம், அங்கே காய்ந்த துணி, மாற்றுக் காலுறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சம்பளத்தில் கைவைக்காத, கால்களை நீட்டி உட்காரும் இடைவேளை. சவர்க்காரத்துக்குப் பதிலாக அட்டைக் காலுறை. கூடைக் கயிற்றுக்கு அகலப் பட்டி. பரப்பு இரண்டு மடங்கானால் அழுத்தம் பாதியாகும். வேலை முடிந்து கைகழுவியதும் ஈரத்தோடு பூச, யூரியா கலந்த களிம்பைத் தோட்ட டிஸ்பென்சரி கையிருப்பில் வைத்திருக்கலாம். படலம் இழந்த மூலக்கூறுகளில் ஒன்றை அது திருப்பித் தருகிறது.

இவற்றின் பயனைச் சோதிக்க முதலில் பதிவு வேண்டும். தோட்ட டிஸ்பென்சரிப் பதிவேட்டில் தோல் காயத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று விவரங்களைச் சேர்க்கலாம்: அன்று எந்த மலையில் வேலை, எத்தனை மணி நேரம் நனைந்திருந்தார், மாலையில் கணுக்காலில் அழுத்தினால் குழி நின்றதா. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்திலும் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்திலும் ஓர் ஆடியும் ஒரு மார்கழியும் இதைச் செய்து, பதுளை வைத்தியசாலையின் தோல்நோய் மருத்துவர்களிடம் கொடுத்தால், வெடிப்பும் ஊறலும் ஒரே ஆட்களிடம் ஒரே இடத்தில் மாறிமாறி வருகின்றனவா என்பது ஓராண்டுக்குள் தெரிந்துவிடும்.